கால் சிரைகளைப் பற்றியும் எழுதுங்கள்

இரத்தக் குழாய்களைப் பற்றிய உங்கள் தொடரில், இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனிகளை இவ்வளவு அழகாக விளக்கிய கட்டுரை, சிரைகளை ‘இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருபவை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டதில் எனக்கு வருத்தம். ஓய்வாக இருக்கும்போது நம் இரத்தத்தில் பாதிக்கும் மேல் சிரைகளில்தான் இருக்கிறது. பாதத்திலிருந்து அது மேலே ஏறியாக வேண்டும். ஆனால் இதயம் கொடுத்த அழுத்தமோ, தமனிக்கும் சிரைக்கும் இடையிலுள்ள நுண்குழாய்களான தந்துகிகளைக் கடப்பதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அங்கே கைகொடுப்பது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி, உள்ளே ஆழத்தில் ஓடும் ஆழ்சிரைகளை அழுத்துகிறது. ஏறிய இரத்தத்தை சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போல இருக்கும் வால்வுகள் கீழே இறங்கவிடுவதில்லை. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628 இல் வெளியிட்ட நூலில், கையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டு இந்த வால்வுகளின் வேலையை விளக்கியிருக்கிறார்.

அசையாமல் நின்றுகொண்டே இருந்தால் தசையின் உதவி கிடைக்காது. சிரையில் அழுத்தம் கூடுகிறது. காலப்போக்கில் சுவர் விரிந்து, வால்வுகள் சரியாக மூடாமல் போகலாம். கால் வீக்கமும் புடைத்த நரம்பு போலத் தெரியும் சுருள்சிரையும் துணிக்கடைப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த துன்பங்கள். நாள் முழுதும் நிற்பதால் வரும் உடல்நலக் கேட்டைக் கருதித்தான் 2021 இல் தமிழகத்தில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த பகுதியில் இதை விரிவாக எழுதுங்கள். நாற்காலி போட்டுவிட்டு உட்காரவிடாத முதலாளிகளும் படிக்கட்டும்.