உறைக்குள் போன ஓட்டு

நேற்றிலிருந்து அந்த 49பி (49P என்ற தேர்தல் விதி) பார்வர்டை எனக்கே பத்துப் பேர் அனுப்பிவிட்டீர்கள். "உங்க ஓட்டை வேற யாராவது போட்டுட்டாங்களா? கவலை வேண்டாம், 49பி கேளுங்க. ஒரு பூத்துல இப்படி 14 சதவீதம் தாண்டினா மறுவாக்குப்பதிவு!" அது தப்பு என்று எழுதினேன். அதைப் பகிர்ந்த நண்பர் கீழே கொடுத்த பதில் இது: "சட்டம் வழி குடுத்திருக்கு. பயன்படுத்தத் தெரியாதவங்கதான் புலம்புவாங்க." அந்த வரியில்தான் எனக்குத் தூக்கம் போனது.

அந்த 14 சதவீதக் கணக்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும் இல்லை, 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளிலும் இல்லை. யாரோ கட்டிவிட்ட கதை.

அந்தத் தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி இருப்பது உண்மை. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேள்வி கேட்பார். நீங்கள்தான் அந்த ஆள் என்று அவருக்குத் திருப்தியானாலும் இயந்திரத்தின் பக்கம் விடமாட்டார். ஒரு வாக்குச்சீட்டைத் தருவார். 17பி (17B) படிவத்தில் உங்கள் கையெழுத்து வாங்குவார். நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்ததைத் தனி உறையில் போட்டு வைப்பார். ஆய்வுக்குரிய வாக்கு என்று அதற்குப் பெயர். பார்வர்டில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சத்தையும் கேளுங்கள். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்கமாட்டார்கள். எண்ணமாட்டார்கள். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு, நீதிபதியும் பிரிக்கச் சொன்னால்தான் உண்டு.

எண்ணாத ஓட்டு ஓட்டே இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். வெயில் தாழட்டும் என்று நாலு மணிக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டினார். "உங்க ஓட்டு விழுந்துடுச்சேம்மா" என்றார் அலுவலர். அம்மா இடது கையை மேசை மேல் வைத்து, "அப்ப என் விரல்ல மை எங்கப்பா?" என்று கேட்டார். பதில் இல்லை. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அம்மா பெயருக்கு எதிரே கைரேகை இருந்தது. அம்மா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். பேங்கில் இன்றுவரை கையெழுத்துதான் போடுகிறார். யாரோ போட்ட ஓட்டை விட அந்தக் கைநாட்டுதான் அவரை அதிகம் சுட்டது.

நான் 49பி கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன், நண்பரே. அரை மணி நேரம் வாதாடி வாங்கினேன். அம்மா பவ்யமாக முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தார். விரலில் மையும் வைத்தார்கள். வீட்டுக்கு வரும்போது "என் ஓட்டு விழுந்துடுச்சுல்ல?" என்று கேட்டார். "விழுந்துடுச்சும்மா" என்று பொய் சொன்னேன்.

"சீக்கிரம் போயிருக்கலாமே" என்பீர்கள். சாயங்காலம் ஆறு வரை நேரம் என்று அறிவித்தவர்களிடம் சொல்லுங்கள் அதை.

"எல்லாவற்றையும் எண்ணினால், ஒரே ஆள் பெயரில் இரண்டு ஓட்டு ஆகிவிடாதா?" என்று வழக்கறிஞர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை ஆய்வுக்குரிய வாக்கு என்பது சாவடியின் வாக்குக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தொகுதி முழுக்கக் கூட்டி அறிவியுங்கள். வெற்றி வித்தியாசம் அந்தக் கூட்டுத்தொகையை விடக் குறைவாக இருந்தால், யாரும் மனுப் போடக் காத்திருக்காமல் விசாரிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். இது பேராசையா?

"ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்கு: 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில். அங்கே இதே ஆய்வுக்குரிய வாக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அது சட்டமன்றத் தேர்தல் என்றால், 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்கைப் பாருங்கள். வித்தியாசம் 48. தோற்றவர் இந்த வாக்குகளையும் சொல்லித்தான் மும்பை உயர் நீதிமன்றம் போனார். மனுவில் போதிய விவரம் இல்லை என்று தள்ளுபடியானது. வேட்பாளருக்கே அந்தக் கதவு திறக்கவில்லை. எழுபது வயது அம்மா எந்த வக்கீலைப் பிடித்து 45 நாளுக்குள் போவார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. வந்தவர் சொன்ன ஆள்தானா என்று சந்தேகம் வந்தால், பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி அங்கேயே ஆட்சேபிக்கலாம். இரண்டே ரூபாய். அன்று எங்கள் சாவடியில் எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருப் பையன்களும் அதில் உண்டு. அம்மா கையால் காப்பி குடித்தவர்கள். அம்மா பெயரை வாசித்தபோது வேறு யாரோ வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவனுக்கும் வாய் வரவில்லை. நான் கேட்டபோது எல்லோரும் பட்டியலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இதற்கு எந்தக் கட்சியின் சாயத்தையும் என் மேல் பூசாதீர்கள்.

"புலம்பல்" என்று எழுதினீர்களே, நண்பரே, அதுதான் வலிக்கிறது. அம்மா அன்று புலம்பவே இல்லை. அடுத்த தேர்தலுக்கு அஞ்சரை மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏழு மணிக்குத்தானே திறப்பார்கள் என்றேன். "எனக்கு முன்னாடி இன்னொரு நான் வந்து நின்னுட்டா?" என்றார்.