மாத்திரையா, கதிரியக்க அயோடினா, அறுவை சிகிச்சையா?

தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அறிக்கை வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா?" என்பதுதான். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்விக்கு நாம் அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறோம் என்பது என் கருத்து. எங்கள் குடும்பத்தில் பெரியம்மாவுக்கும் தங்கைக்கும் சில ஆண்டு இடைவெளியில் இதே பிரச்சினை வந்தது. இருவருக்கும் ஏற்றதாக அமைந்த சிகிச்சைகள் வேறு வேறு. நான் மருத்துவர் அல்ல, இருவருடனும் மருத்துவமனைக்கு அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் குறைந்து, சுரப்பி வெளியிடும் ஹார்மோன்களான டி3, டி4 கூடியிருப்பது இரத்தத்தின் நிலையைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. உடலின் எதிர்ப்பொருள்கள் சுரப்பியை ஓயாமல் தூண்டும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம். சுரப்பியில் தோன்றிய கட்டிகள் தம்போக்கில் சுரப்பதாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வருவதுபோல, சுரப்பி அழற்சியுற்று, ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த ஹார்மோன் வெளியே கசிவதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதற்கு, ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைக் கொடுப்பதில் பயனில்லை. எனவே எதிர்ப்பொருள் சோதனையோ ஸ்கேனோ செய்து காரணத்தை உறுதிப்படுத்தாமல் சிகிச்சையைப் பற்றி விவாதிப்பது வீண். இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வுக்கூட முறைகளில் அது இல்லாத நோயை இருப்பதுபோலக் காட்டிவிடும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்தச் சொல்கிறார்கள்.

கிரேவ்ஸ் நோய்க்கு நம் ஊரில் பெரும்பாலும் கார்பிமசோலில்தான் தொடங்குகிறார்கள். வழக்கமாக 12 முதல் 18 மாதம் வரை கொடுத்து நிறுத்திப் பார்ப்பார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பிவிடுகிறது. திரும்பியவர்கள் குறைந்த அளவில் பல ஆண்டுகள் தொடர்வதும் இப்போது ஏற்கப்பட்ட வழிதான். ஆனால் "வெறும் மாத்திரைதானே" என்று இதை நினைக்கக் கூடாது. மிக அரிதாக, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், இது வெள்ளணுக்களை அபாயகரமான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்ற நம்முடைய வழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பெரியம்மாவுக்கு இருந்தது கட்டிகள். கூடவே இதயத் துடிப்பும் தாறுமாறாகியிருந்தது. கட்டிகளை மாத்திரை அடக்கி வைக்குமே தவிரத் தீர்க்காது என்பதால், அதிகமாகச் சுரக்கும் திசுவை அழிக்கும் கதிரியக்க அயோடினைப் பரிந்துரைத்தார்கள். கதிரியக்கம் என்றதும் உறவினர்கள் பதறினார்கள். 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தொடங்கி வைத்த சிகிச்சை இது. 1991இல் அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷுக்குக் கிரேவ்ஸ் நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கும் இதையே கொடுத்தார்கள். ஈயப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த ஒரு காப்சூலைத் தண்ணீரோடு விழுங்கியதோடு பெரியம்மாவின் சிகிச்சை முடிந்தது. சில நாட்கள் தனியே படுக்கவும், பேரக்குழந்தையைத் தூக்காமலிருக்கவும் சொன்னார்கள்; அந்த இரண்டாவது நிபந்தனைதான் அவருக்குப் பெரும் தண்டனையாக இருந்தது. அந்தக் காப்சூலில் இருக்கும் அயோடின் 131இன் கதிரியக்கம் எட்டு நாளுக்கொரு முறை பாதியாகிவிடும்.

அதே காப்சூல் தங்கைக்குப் பொருந்தவில்லை. அவளுக்குக் கிரேவ்ஸ், மாத்திரையை நிறுத்திய பின் நோய் திரும்பியிருந்தது, கண்களும் சற்றே பிதுங்கத் தொடங்கியிருந்தன. கதிரியக்க அயோடின் கண் பாதிப்பைக் கூட்டக்கூடும். அவள் இரண்டாவது குழந்தைக்கும் ஆசைப்பட்டாள்; அயோடினுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதோடு, எதிர்ப்பொருள்கள் பல மாதங்களுக்கு உயர்ந்தே இருந்து கருவிலுள்ள குழந்தையின் தைராய்டையும் தூண்டக்கூடும். கார்பிமசோலுக்கும் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் பிறவிக் குறைபாட்டு அபாயம் உண்டு. அதனால் சுரப்பியை முழுவதும் அகற்றும் அறுவை சிகிச்சையே அவளுக்குச் சரியென்று முடிவாயிற்று. குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கரகரக்கும். பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் குறையும். எனவே இங்கே மருத்துவமனையின் பெயரைவிட, அந்த அறுவை நிபுணர் ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவைகள் செய்கிறார் என்பதே முக்கியம். அதைக் கூச்சப்படாமல் கேட்கலாம். தங்கைக்குச் சில வாரங்கள் விரல்நுனியும் உதட்டோரமும் மரமரத்தன. கால்சியம் மாத்திரையில் அது சரியாகிவிட்டது.

அறுவைக்குப் பின் எல்லோருக்கும், அயோடினுக்குப் பின் பலருக்கும், தைராக்சின் மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவைப்படும். அது சுரப்பி உண்டாக்கும் ஹார்மோனேதான், விலை குறைவு, அளவு நிலைத்துவிட்டால் ஆண்டுக்கு ஓரிரு சோதனை போதும். அளவைச் சில வாரங்களுக்கொரு முறை கூட்டிக் குறைத்துக்கொண்டு, காய்ச்சல் வரும்போதெல்லாம் பயந்துகொண்டு கார்பிமசோலோடு வாழ்வதைவிட இது மோசமான வாழ்க்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அளவு சரியாக இருந்தும் சோர்வும் எடை கூடுதலும் தீரவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தங்கையைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காபிக்குக் காத்திருப்பதே இப்போதைய குறை. கருவுற்றது தெரிந்த உடனே தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்.