துண்டை மடித்தால் அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும்

"பத்திரமாக இருக்கிறான் அல்லவா, அது போதாதா?" மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பெரியவர்களின் பேச்சு வரும்போதெல்லாம் நம்மவர்கள் ஆறுதலாகச் சொல்வது இது. போதாது என்பதே என் கருத்து.

சிங்கப்பூரில் 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் சிறப்புக் கல்விப் பள்ளிகள் பொதுவாக 18 வயதோடு முடிகின்றன. தொழிற்பயிற்சி பெறும் சிலர் 21 வரை தொடர்கிறார்கள். அதன்பின் சிலருக்கு வேலை, சிலருக்குப் பாதுகாக்கப்பட்ட பணிமனை (மேற்பார்வையும் உதவியும் உள்ள வேலையிடம்), சிலருக்குப் பகல்நேர நடவடிக்கை நிலையம். மற்றவர்களுக்கு வீடும் அம்மாவும்தான்.

வேலை செய்யும் வயதில் இருக்கும் உடற்குறையுள்ளோரில் (மதியிறுக்கம் உள்ளவர்களும் இதில் அடக்கம்) 40 விழுக்காட்டினருக்கு 2030க்குள் வேலை என்பது அரசின் இலக்கு. மனமார வரவேற்கிறேன். என் கவலை அந்தக் கணக்கில் வராதவர்களைப் பற்றியது. அதிகம் பேசாத, எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியவர்களைப் பற்றியது.

என் அக்காள் மகன் அப்படிப்பட்டவன். முன்பு அவன் போன நிலையத்தில் துண்டு மடிக்கக் கொடுத்தார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, அழகாக அடுக்குவான். அடுக்கி முடித்ததும் அவன் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் கலைத்து மறுபடியும் கூடையில் போடுவார்கள். சில நாளில் கூடையைத் தள்ளிவிட ஆரம்பித்தான். 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதினார்கள். செய்த வேலையைக் கலைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இப்போது போகும் இடத்தில் மடித்த துண்டுகள் ஒரு முடிதிருத்தகத்துக்குப் போகின்றன. பயிற்சியாளருடன் இவனே தூக்கிச் சென்று கொடுக்கிறான். அன்றைய வேலைகள் படஅட்டைகளாக வரிசையில் ஒட்டியிருக்கும். கொடுத்துவிட்டு வந்ததும் அந்த அட்டையைத் தானே உரித்துப் பெட்டியில் போடுகிறான். கூடையை இப்போது தள்ளுவதில்லை.

நிலையங்கள் மட்டும் இதைச் செய்துவிட முடியாது. பெற்றுக்கொள்ள வெளியே ஆள் வேண்டும். சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களையும் கோயில் நிர்வாகங்களையும் கேட்கிறேன்: அன்னதானத்துக்குக் கறிவேப்பிலை உருவவும் வெங்காயம் உரிக்கவும் வாரத்தில் ஒரு காலை இவர்களுக்குத் தர முடியாதா? கூட்டமும் மேளச் சத்தமும் தொடங்குமுன், அதே நாள், அதே மூலை, அதே முகம் இருந்தால் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். பயிற்சியாளர் கூடவே இருப்பார். மனம் இருப்பவர்கள் அருகிலுள்ள நிலையத்தை அழைத்துப் பேசுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.