பாபி பிரவுன் 'சனிக்கிழமை ஆட்டக்காரர்' அல்ல

ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் பாபி பிரவுனைப் பற்றி ஒருவர், "பாபி பிரவுன் பகுதிநேரக் கோல்கீப்பர்தான், பள்ளியில் வாத்தியார் வேலை, பெரிய கிளப் எதிலும் நிலைத்து ஆடியதில்லை" என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சுத்தமாகத் தவறு.

குயின்ஸ் பார்க் கிளப்பில் ஆடியவர் 1946இல் பெரிய கிளப்பான கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு வந்தார். பத்து வருடம் அங்கேதான். 'இரும்புத்திரை' என்று பெயர் வாங்கிய தடுப்பு அணிக்குப் பின்னால் வலை காத்தவர் இவர். 1948–49இல் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் ரேஞ்சர்ஸ் ஒரே பருவத்தில் வென்றது. ஸ்காட்லாந்தில் அதுவே முதல் முறை. அப்போதும் அவர் உடற்பயிற்சி ஆசிரியர்தான். வகுப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவார். பந்தை நம்பிப் பிழைக்க முடியாமல் பள்ளிக்குப் போனவர் இல்லை. ஜோர்டன்ஹில் கல்லூரியில் அதற்கென்றே படித்தவர்.

அப்புறம் இதைக் கேளுங்கள். 1967இல் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு முழுநேர மேலாளராக வந்த முதல் ஆள் இந்தப் பகுதிநேரக்காரர்தான்! பொறுப்பேற்ற முதல் ஆட்டமே வெம்ப்ளியில், உலகச் சாம்பியன் இங்கிலாந்துக்கு எதிராக. கோலில் அவர் நிறுத்தியது 36 வயது ரோனி சிம்ப்சனை. சிம்ப்சனுக்கு நாட்டுக்காக அதுதான் முதல் ஆட்டம். அவரும் சிறுவயதில் குயின்ஸ் பார்க்கில் தொடங்கியவரே. ஆட்டத்தின் நடுவே ஸ்காட்லாந்து வீரர் ஜிம் பாக்ஸ்டர் பந்தைக் காலால் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டினார். ஸ்காட்லாந்து 3–2 என்று ஜெயித்தது.