குறைப்பதென்றால் பாக்கெட்டில் குறையுங்கள், விவசாயியிடம் வேண்டாம்

என் சம்பளமும் வீட்டுக்காரர் சம்பளமும் சேர்ந்து வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மாமாவின் மாத்திரை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம். இதில் நீ எப்படி ஆர்கானிக் பக்கம் போனாய் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆர்கானிக் என்று போர்டு வைத்த கடையில் மாதச் சாமான் லிஸ்டை அப்படியே நீட்டினால் பத்தாம் தேதிக்குள் பர்ஸ் காலியாகிவிடும். நம் வருமானத்துக்கு அந்த வழி ஒத்துவராது. வேறு வழி இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

செலவைக் குறைக்காமல் நம்மைப் போன்ற வீடுகளில் எதுவும் நடக்காது. எங்கே குறைப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசைக் குறைக்கலாம், விளம்பரத்துக்குக் கொடுக்கிற காசைக் குறைக்கலாம், எங்கிருந்தோ லாரி ஏறி வருவதைக் குறைக்கலாம். இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஒன்று, விளைய வைத்தவருக்குக் கொடுக்கிற விலை. இன்னொன்று, வீட்டுப் பெண்ணின் உழைப்பு. குறைந்த செலவில் இயற்கை வாழ்வு என்று வருகிற வீடியோக்களில் பாதி, இந்த இரண்டையும் பிழிந்துதான் கணக்கைச் சரிக்கட்டுகின்றன.

எதையும் வாங்குவதற்கு முன்னால் சிலதை நிறுத்தினோம். ரூம் ஸ்ப்ரே, கலர் கலராகத் தரை துடைக்கும் பாட்டில்கள், கொசுச்சுருள், பிஸ்கட், பாட்டில் ஜூஸ், பாலில் கலக்கும் சத்துப் பவுடர். அந்தப் பவுடரை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. ஒரு டப்பா விலையில் கிலோ கணக்கில் கேழ்வரகு வாங்கலாம். கொசுவுக்கு வலை. பிள்ளைகள் பிஸ்கட்டுக்கு அழுதார்கள், அதை மறைக்கப் போவதில்லை. கடலை மிட்டாய் வந்த பிறகு சத்தம் குறைந்தது.

நிறுத்தியதில் மிஞ்சிய காசு முதலில் எண்ணெய்க்குப் போனது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இதுதான். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் செக்கில் ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு மட்டுமே 300 ரூபாய். ஆட்டுகிற கூலி தனி. பிண்ணாக்கு விற்ற காசு அந்தக் கூலிக்கு ஈடாகும், அவ்வளவுதான். அப்படியிருக்க, மரச்செக்குக் கடலெண்ணெய் லிட்டர் 180 ரூபாய் என்று ஒருவர் விற்றால் அந்த பாட்டிலில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்தால் போதும், எந்தச் சான்றிதழும் பார்க்க வேண்டியதில்லை.

நாங்கள் பருப்பு வாங்கித் தெரு தள்ளி இருக்கும் செக்கில் கொடுத்து ஆட்டுகிறோம். ஆட்டுவதற்கு முந்தின நாள் பழைய சேலையை விரித்து, அதில் கொட்டி, கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கசப்பாக இருக்கிற பருப்பு ஒன்று வாயில் பட்டிருந்தால் உங்களுக்கே தெரியும். பூஞ்சைப் பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், ஒரு சொட்டு மருந்து அடிக்காத கடலையிலும் அது வரும். இயற்கை என்று பெயர் இருந்தாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்புறம் விலை. முன்பு மாதம் நான்கு லிட்டர் ரீஃபைண்ட் ஆயில் ஆகும். இப்போது செக்கு எண்ணெய் இரண்டு லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம். பூரியும் பஜ்ஜியும் குறைந்தன. செலவு கிட்டத்தட்ட அதேதான்.

இனி தானியம். என் பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் வரைக்கும் அதே மண்தான். புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைப்பார்கள், தையில் அறுப்பு. கம்பு, சோளம், குதிரைவாலி, கொள்ளு. மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் மருந்துக்கும் உரத்துக்கும் கடன் வாங்க மாட்டார், அந்தப் பயிர்களுக்கு அது பெரிதாகத் தேவையும் இல்லை. ஆர்கானிக் என்று யாரும் ஸ்டிக்கர் ஒட்டாததாலேயே அவை மலிவாகக் கிடைக்கின்றன. இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு 1969-ல் அதை விட்டு வெளியே வந்தவர். மழையை மட்டும் நம்பி விதைக்கிற மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத இடுபொருட்களை வைத்துச் செய்கிற ஆராய்ச்சி அந்த விவசாயிக்கு எதற்கு என்பதுதான் அவருடைய கேள்வி. ஐம்பது வருஷம் கழித்து, வாங்குகிற பக்கம் நிற்கிற எனக்கும் அந்தக் கேள்வியே வழி காட்டுகிறது. காசில்லாதவர் விளைய வைக்கிறதைக் காசில்லாதவர் வாங்கிச் சாப்பிட முடியும், நடுவில் பளபளப்பான கடை இல்லாமல் இருந்தால்.

எல்லா மானாவாரியும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பருத்திக்கு அங்கேயும் மருந்துதான். மக்காச்சோளத்தில் 2018-ல் படைப்புழு வந்த பிறகு நிலைமை தலைகீழ். உளுந்து, பாசிப்பயறு என்றால் களைக்கொல்லி அடித்தீர்களா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மருந்து என்றதும் நாம் நம் தட்டில் இருக்கிறதைத்தான் நினைக்கிறோம். முதலில் அது போவது அடிக்கிறவரின் மூக்கில். எங்கள் ஊரில் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்து, பருத்திக்கு மருந்து அடிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ஆர்கானிக் சாப்பிட்டால் எந்த நோயும் வராது என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்கு முக்கியமும் இல்லை. மருந்து அடிக்காமல் ஒருவர் விளைய வைத்தால் அவரிடம் வாங்க ஆள் இருக்க வேண்டும். நான் மாறியதற்கு அதுதான் காரணம். அதனால்தான் அவரிடம் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

காய்கறியில் முழுசாக மாற எங்களால் முடியவில்லை, எங்கள் வருமானத்தில் முடியவும் முடியாது. எதை எத்தனை தடவை வாங்குகிறோம் என்பதை மட்டும் மாற்றினோம். காலிஃபிளவர், கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் எல்லாம் மருந்து அதிகம் வாங்குகிற காய்கள். அவற்றைக் குறைத்துவிட்டுப் பூசணி, சேனை, வாழைத்தண்டு, வாழைப்பூ, சுண்டைக்காய், பப்பாளிக்காய், முருங்கைக்கீரை என்று மாற்றினால் விலையும் இறங்குகிறது. முருங்கைக்கீரை பெரும்பாலும் பக்கத்து வீட்டு மரத்திலிருந்தே வந்துவிடும். நம் ஊர்க் கறிவேப்பிலையில் மருந்து எச்சம் இருக்கிறது என்று 2015-ல் கேரளம் சத்தம் போட்டது ஞாபகம் இருக்கும். தினமும் தாளிக்கிற பொருள் அது. ஒரு பழைய பெயின்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பி ஒரு கன்று வைத்தால் அந்தக் கவலை போய்விடும். புதினாவும் அப்படித்தான். வாடகை வீட்டில் இதற்கு மேல் மாடித்தோட்டம் போட ஓனர் விட மாட்டார், தளத்தில் தண்ணீர் இறங்கும் என்ற பயம் அவருக்கு. பரவாயில்லை. வளர்ப்புப் பை, கலவை, விதை, டானிக் என்று ஆயிரக்கணக்கில் இறக்கிவிட்டு நாலு தக்காளி பறிப்பதை விட இது மேல். கடையில் வாங்குகிற காயை உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுகிறோம். மேலே படிந்தது போகும், உள்ளே இறங்கியது போகாது.

நாங்கள் காய் வாங்குவது மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில். 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கிய உழவர் சந்தை அது. அங்கே இருப்பது எல்லாம் இயற்கை விளைச்சல் கிடையாது. ஆனால் விற்கிறவர் விளைய வைத்தவர், கேட்டால் பதில் சொல்வார். “அண்ணே, இதுக்கு என்ன அடிச்சீங்க?” என்று கேட்டால், “வெண்டைக்கு அடிச்சேன்மா, இந்தக் கீரைக்கு ஒண்ணும் அடிக்கல” என்று சொல்கிறவரை நான் நம்புகிறேன். எதற்குமே அடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம். வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிற சிறு விவசாயி நேரடியாக நமக்கு விற்றால் ஆர்கானிக் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே சொல்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துச் சான்று கொடுக்கிற பிஜிஎஸ் முறையும் 2011-லிருந்து இருக்கிறது. சான்றிதழ் எங்கே என்று சின்ன விவசாயியை மிரட்டாதீர்கள். முடிந்தால் ஒரு தடவை காட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

அரிசி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இட்லிக்கு ரேஷன் புழுங்கல்தான். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கருப்பு கவுனி வாங்க முடியாதவர்கள் குற்ற உணர்ச்சியில் குறுக வேண்டிய அவசியமே கிடையாது. ரேஷன் அரிசியில் மிச்சமாகிற காசுதான் எனக்கு நல்ல பருப்பும் எண்ணெயும் வாங்கித் தருகிறது.

இப்போது உழைப்புக்கு வருகிறேன். சிறுதானியம் என்றால் கல் பொறுக்க வேண்டும், கழுவ வேண்டும், ஊற வைக்க வேண்டும். சீயக்காய் காய வைத்து அரைக்க வேண்டும். துணி நாப்கின், குழந்தைத் துணி எல்லாம் துவைக்க வேண்டும். இதையெல்லாம் காலையில் ஏழரை பஸ்ஸைப் பிடிக்கிற ஒரு பெண் செய்ய வேண்டும் என்றால், அந்த வீடு இயற்கைக்கு மாறவில்லை, அவள் தலையில் இன்னொரு வேலை ஏறியிருக்கிறது. எங்கள் வீட்டில் மில்லுக்கும் செக்குக்கும் போவது வீட்டுக்காரர் வேலை. காய வைப்பதும் பொறுக்குவதும் அத்தையும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பதும் அவர்தான். இப்படிப் பிரித்துக்கொள்ள முடியாத வேலையை நாங்கள் தொடவே இல்லை. பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுப் பார்க்கவில்லை, சோப்புதான். ஆண்கள் இந்தப் பதிவைப் படித்தால் ஆர்கானிக் லிஸ்ட் எழுதுவதற்கு முன்னால் எந்தெந்த வேலை உங்களுடையது என்று எழுதுங்கள்.

கொள்ளு வைத்த முதல் நாள் மாமா, “குதிரைக்கு வைக்கிறத எனக்கு வைக்கிறியே தாயி” என்றார். இப்போது கொள்ளு ரசம் இல்லாவிட்டால் கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. கம்பு சாப்பிடுகிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார். தானியம் மாற்றினால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று சொல்கிற குழுக்களிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போடாதே என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. மண்ணைக் காப்பாற்றுவதற்கும் போலியோ சொட்டு மருந்தை மறுப்பதற்கும் என்ன சம்பந்தம்?

தை, மாசியில் கரிசல் காட்டில் அறுப்பு முடிந்து புதுத் தானியம் வரும். விலை குறைவாக இருப்பது அப்போதுதான். எங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து கம்பு, கொள்ளு, மல்லி எல்லாம் மூட்டையாக எடுத்து, நல்ல வெயிலில் காய வைத்து, வேப்பிலையும் வசம்பும் போட்டுத் தகர டின்னில் வைத்துக்கொள்கிறோம். பஸ்ஸில் பார்சல் போட்டால் மதுரை வந்துவிடும், கூலியை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறோம். இந்த வருஷம் இன்னும் சில வீடுகள் சேர்ந்தால் ஒரு சின்ன வண்டியே வைத்துவிடலாம். மதுரைப் பக்கம் இருப்பவர்கள் விருப்பம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். விலையை விளைய வைத்தவர்தான் சொல்வார், அதில் பாதிப் பணம் அறுப்புக்கு முன்பே அவர் கைக்குப் போய்விட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.