14 நாள் வாத்தியார்

(காஞ்சிபுரம். திண்ணையில் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார் அத்தை. 31 வருடம் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கம்போடியாவில் இருந்து முந்தாநாள் திரும்பிய அண்ணன் மகன் கார்த்தி, கையில் பிளாஸ்டிக் கவரோடு வருகிறான்.)

அத்தை: வாடா, ஃபாரின் வாத்தியாரே! சம்பளம் எவ்வளவு கொடுத்தார்கள்?

கார்த்தி: வாலன்டியர் வேலை, அத்தை. நான்தான் கட்டினேன். 2 வாரத்துக்கு நாற்பதாயிரம். டிக்கெட் தனி.

அத்தை: பாடம் நடத்த நீ பணம் கட்டினாயா? இந்த யோசனை நம் அரசாங்கத்துக்குத் தோன்றாமல் போச்சே, நான் பிழைத்தேன்! பி.எட். கேட்டார்களா?

கார்த்தி: பாஸ்போர்ட் கேட்டார்கள்.

அத்தை: சரி, முதல் நாள் என்ன நடத்தினாய்?

கார்த்தி: சியெம் ரீப் பக்கம் ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடம் அரை நாள்தான். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மீதி அரை நாளில் எங்களிடம் வருவார்கள். உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து மூக்கு வரை கைகூப்பினார்கள். வாத்தியாருக்கு மூக்கு, பிட்சுவுக்குப் புருவம் என்று அங்கே ஒரு கணக்கு. ‘லோக் க்ரூ’ என்றார்கள். க்ரூ என்றால் நம் குருதான். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அத்தை: சிலிர்த்தது இருக்கட்டும். பாடம்?

கார்த்தி: ‘வாட் இஸ் யுவர் நேம்’ என்று போர்டில் எழுதினேன். திரும்புவதற்குள் 26 பேரும் வரிசையாகப் பெயரைச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் வந்தவரும் அதைத்தான் நடத்தினாராம். அவருக்கு முன்னால் வந்தவரும். முன்வரிசைப் பொடியன் ஒருவன், ‘டீச்சர், நெக்ஸ்ட் கலர்ஸ்’ என்று எடுத்துக்கொடுத்தான்.

அத்தை: அவனுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?

கார்த்தி: மூன்று. நான் திணறினால் ‘டோன்ட் வொரி’ என்று தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பான்.

அத்தை: உச்சரிப்பையாவது திருத்தினாயா?

கார்த்தி: அங்கேதான் சிக்கல். கெமர் பேசிப் பழகிய வாய்க்குக் கடைசி ‘ஸ்’ லேசில் வராது. ‘ரைஸ்’ என்றால் ‘ரை’, ‘ஐஸ்’ என்றால் ‘ஐ’. நான் விடவில்லை. ‘ரைஸ்ஸு’ என்று அழுத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

அத்தை: அடப்பாவி! அவர்கள் வாலை வெட்டினால் நீ கூடுதலாக ஒரு வால் ஒட்டுவாயா?

கார்த்தி: இரண்டாம் வாரம் மொத்த வகுப்பும் ‘ரைஸ்ஸு, பஸ்ஸு, புக்கு’. கண்ணை மூடினால் நம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அத்தை: உனக்கு அடுத்தது யார்?

கார்த்தி: ஸ்காட்லாந்துக்காரர். ‘ர்ர்ரைஸ்’ என்பார்.

அத்தை: ஆக, பிள்ளைகளுக்கு ‘ர்ர்ரைஸ்ஸு’. அதுகள் சோறு கேட்டால் ஒருத்தருக்கும் புரியப்போவதில்லை.

கார்த்தி: இதைக் கேளுங்கள். கெமர் எழுத்தே நம் பல்லவர் எழுத்தில் இருந்து வந்ததுதான்.

அத்தை: தெரியும்டா, காஞ்சிபுரத்திலேயே உட்கார்ந்துகொண்டு எனக்குப் பல்லவர் கதை சொல்கிறாயா? அந்தக் காலத்தில் போன எழுத்து இன்னும் அங்கே நிற்கிறது. இப்போது உன் ‘உ’ போயிருக்கிறது. அது நிலைக்காமல் இருக்க வேண்டும், ஏகாம்பரநாதா!

கார்த்தி: ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்று அங்கே பிரசாரமே செய்கிறார்கள், அத்தை. அந்த போஸ்டர் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி...

அத்தை: பிள்ளைகளோடா?

கார்த்தி: (பேச்சை மாற்றி) சான்றிதழ் கொடுத்தார்கள், பாருங்கள்.

(அத்தை முந்தானையில் கை துடைத்து வாங்குகிறார். கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். கை தானாக ஜன்னல் விளிம்பில் இருக்கும் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது.)

அத்தை: ‘வாலன்டியர்’ ஸ்பெல்லிங்கில் கடைசியில் இரண்டு ‘ஈ’ வர வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது.

கார்த்தி: ஐயோ!

அத்தை: நாற்பதாயிரம் வாங்கினார்களே, ஒரு ‘ஈ’ கூடவா போடக் கூடாது? எவன்டா இதை டைப் அடித்தது?

கார்த்தி: ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் லீவு. ‘உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே’ என்று என்னையே...

அத்தை: கீரையை நீ ஆய். நான் டிக்டேஷன் சொல்கிறேன்.