அல்வாப் பெட்டி யாருக்குச் சொந்தம்?

அல்வா பிரமாதம் என்று பெட்டியோடு படம் போட்டால், கடைக்காரரே அதை எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பார். நெய் சிக்கு வாடை அடிக்கிறது என்று போட்டால் மட்டும் அவருக்குக் காப்பிரைட் ஞாபகம் வந்துவிடும். எங்க சித்தி மகனுக்கு இப்போது நடப்பது இதுதான். நெல்லை டவுன் பக்கம் ஒரு கடை, பேர் வேண்டாம். "பெட்டி டிசைன் எங்களுது, படத்தை எடுக்கலேன்னா கேஸ்" என்று வாட்ஸ்அப்பில் மிரட்டல்.

அவன் போட்டது அவனே செல்போனில் எடுத்த படம். அரைக் கிலோ பெட்டி, மூடியில் நெல்லையப்பர் கோவில் கோபுரம், நெய் ஊறி அதன் அடிப்பக்கம் கறுத்திருக்கிறது. பேக்கிங் தேதிக்கு விட்ட கட்டம் காலி. தேதி இல்லை என்று வெறும் எழுத்தில் சொன்னால் எவன் நம்புவான்? படம்தானே சாட்சி.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாண்டால் அது மீறல் ஆகாது என்கிறது. அல்வா என்ன படைப்பா, கவிதையா என்று வக்கீல் மடக்கலாம். மடக்கட்டும், இவன் குறை சொன்னது பெட்டியையும் சேர்த்துத்தானே!

அதற்காக எதையும் சுடலாம் என்று இல்லை. கடைக்காரர் செலவு செய்து, விளக்கு போட்டு எடுத்த படத்தை அப்படியே டவுன்லோடு செய்து ஆன்லைனில் அல்வா விற்கிறார்களே, அது திருட்டுதான். அமெரிக்காவில் ஸ்கை வோட்கா வழக்கில் 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாட்டிலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை எடுத்த போட்டோவுக்கு உண்டு என்றது. நம்மூர்ப் பெட்டி வெறும் பாட்டில் மாதிரி இல்லை. மேலே ஓவியம் இருக்கிறது.

அந்த ஓவியம் யாருடையது என்பதைத்தான் நான் கேட்பேன். கோபுரம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, யார் வேண்டுமானாலும் தன் பெட்டியில் கோபுரம் வரையலாம். இந்தக் கோடு, இந்த வண்ணம், இதுதான் சொத்து. அதைப் போட்டுக் கொடுத்தவர் அநேகமாகப் பாளையங்கோட்டையில் ஏதாவது பிரஸ்ஸுக்கு வெளியிலிருந்து வேலை செய்கிற ஆர்ட்டிஸ்ட். காசு கொடுத்தாச்சு, டிசைன் நமக்கு என்று கடைக்காரர் நினைக்கிறார். சம்பளத்துக்கு இருக்கும் ஆள் வரைந்தால் சரி. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் சரி. வெளியாள் கம்ப்யூட்டரில் போட்ட லேபிளுக்கு அது பொருந்தாது. உரிமை கைமாற எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும் என்கிறது 19-ஆவது பிரிவு. அதிலும் எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான் கணக்கு. அப்புறம் உரிமை வரைந்தவருக்கே திரும்பிவிடும்.

பெட்டிக்கே இவ்வளவு செலவழிக்கிற அண்ணாச்சிமாரே, அப்படி ஒரு தாள் உங்க கல்லாப் பெட்டியில் இருக்கா? இல்லேன்னா கேஸ் போடுவதற்கு முன்னால் அந்த ஆர்ட்டிஸ்டைத் தேடிப் பிடிங்க. வாங்கும்போது வருஷத்தையும் மறக்காமல் எழுதி வாங்குங்க.